சதுரங்கப் பலகையின் எண்: 18446744073709551615-ஐப் பிரித்துப் பார்ப்போம்

முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் 64 கட்டங்களையும் நிரப்பிக் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். ராஜா களஞ்சியத்தைத் திறந்துவிட்டு முழித்தார் என்பதோடு கதை முடிந்துவிடும். கடைசியில் வரும் மொத்தத்தை மட்டும் யாரும் நின்று பார்ப்பதில்லை. அது இதுதான்:

18446744073709551615

நம் வழக்கப்படி கால்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால் சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 1,84,467 கோடி கோடி. ஆயிரம் நெல்லின் எடை 25 கிராம் என்று வைத்துக்கொண்டால் இது சுமார் 46,000 கோடி டன். உலகம் முழுக்க ஓராண்டில் விளையும் நெல் 80 கோடி டன்னுக்குப் பக்கம்தான். பிரமிப்பு இத்தோடு போதும். எண் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே சுவையான விஷயம். எதனால் வகுபடும், எதனால் வகுபடாது, ஏன் என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்துக் கூட்டல், பெருக்கல், மீதி இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒன்று குறையும் கணக்கு

முதல் இரண்டு கட்டங்களின் கூட்டல் 1+2=3. மூன்று கட்டங்கள் என்றால் 7, நான்கு என்றால் 15. எப்போதும் அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியதைவிட ஒன்று குறைவு. காரணம் எளிது. பலகைக்கு வெளியே இருந்து ஒரே ஒரு நெல்லைக் கொண்டுவந்து முதல் கட்டத்தில் போடுங்கள். அங்கே 1+1=2 ஆகும். அதை அடுத்த கட்டத்தின் 2-உடன் சேர்த்தால் 4, அதை மூன்றாவதன் 4-உடன் சேர்த்தால் 8. இப்படியே சரிந்துகொண்டே போய் 64 கட்டமும் காலியாகி, 65-ஆவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்குரிய 2⁶⁴ வந்து நிற்கும். கூடுதலாகப் போட்ட ஒரு நெல்லைக் கழித்தால் பலகையின் மொத்தம் 2⁶⁴−1.

1883-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வர்ட் லூகாஸ் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரிலும் இதே எண்தான் வரும். 64 வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் குறைந்தபட்சம் இத்தனை நகர்வுகள் வேண்டும். புதிரோடு சொன்ன கதையில் அந்த வட்டுகள் காசியில் ஒரு கோயிலில் இருக்கின்றன. விநாடிக்கு ஒரு வட்டு நகர்த்தினால் ஏறத்தாழ 58,454 கோடி ஆண்டுகள் ஆகும். லூகாஸ் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்திலும் வருவார்.

முதல் பார்வையிலேயே தெரிவது

முழு எண்ணையும் எழுதாமலே சில விஷயங்களைச் சொல்லிவிடலாம். 2-இன் பத்தடிமான மடக்கை, அதாவது 10-ஐ எத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் 2 வரும் என்பது, 0.30103. அதை 64-ஆல் பெருக்கினால் 19.27 வரும், எனவே 20 இலக்கங்கள். 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றிவரும். 64 என்பது 4-இன் மடங்கு, எனவே 2⁶⁴ ஆறில் முடியும், நம் எண் ஐந்தில் முடியும். ஆகவே 5-ஆல் வகுபடும்.

இலக்கங்களைக் கூட்டினால் 87. அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இந்த ஒரு வரியிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது: இது முழு வர்க்க எண் அல்ல. வர்க்க எண்ணாக இருந்தால் 3 உள்ளே வரும்போது ஜோடியாகத்தான் வரும், அப்போது 9-ஆலும் வகுபட்டாக வேண்டும்.

64 ஒன்றுகள்

பத்தடிமானத்தில் எழுதினால் இந்த எண்ணுக்கு எந்த ஒழுங்கும் இருப்பதாகத் தெரியாது. இரும முறையில், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதினால் வேறு கதை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு 1 என்று வரிசையாக 64 ஒன்றுகள், இடையில் ஒரு பூச்சியம்கூட இல்லை.

இப்போது ஒரு சின்ன வேலை. நமக்குப் பழகிய பத்தடிமானத்திலேயே 1111 என்ற எண்ணைப் பாருங்கள். அது 11 என்ற துண்டு இரண்டு முறை அடுத்தடுத்து நிற்பது. எனவே

1111 = 11 × 101

அதேபோல 11111111 என்பது 1111 என்ற துண்டு இரண்டு முறை:

11111111 = 1111 × 10001 = 11 × 101 × 10001

இது அடிமானத்தைப் பொறுத்ததே அல்ல, எழுதிய வடிவத்தைப் பொறுத்தது. இரும முறையிலும் அப்படியே நடக்கும். 64 ஒன்றுகள் என்பது 32 ஒன்றுகள் இரண்டு முறை. 32 என்பது 16 இரண்டு முறை. இப்படி 8, 4, 2, 1 வரை பாதி பாதியாகப் போகலாம். 64 ஆறு முறை சுத்தமாகப் பாதியாகும் எண் என்பதால் நமக்கு ஆறு காரணிகள் கைமேல் கிடைக்கின்றன. இரும முறையில் 11 என்பது 3, 101 என்பது 5, 10001 என்பது 17. எல்லாவற்றையும் பத்தடிமானத்தில் எழுதினால்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

சந்தேகம் இருந்தால் இடமிருந்து பெருக்கிப் பாருங்கள். 3×5=15, அதை 17-ஆல் பெருக்க 255, அதை 257-ஆல் பெருக்க 65535, அதை 65537-ஆல் பெருக்க 4294967295. ஒவ்வொரு முறையும் அதுவரை வந்த பெருக்கல் தொகை அடுத்த காரணியைவிடச் சரியாக இரண்டு குறைவு. இதற்கு ஒரு நல்ல விளைவு உண்டு. இவற்றில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐ வகுத்தாக வேண்டும். ஆனால் எல்லாமே ஒற்றை எண்கள். ஆகவே 1 தவிரப் பொதுக் காரணி கிடையாது, ஒரு பகா எண் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்க வழியில்லை.

மீதியின் சுற்று

மேலே உள்ளதைப் பார்த்து, 7, 11, 13 எல்லாம் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். 2-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்: 2, 4, 1, 2, 4, 1. மூன்று அடிக்கு ஒரு முறை 1 வருகிறது. 2⁶⁴−1 வகுபட வேண்டுமானால் 64-ஆவது அடியில் மீதி 1 வர வேண்டும். 64 என்பது 3-இன் மடங்கு அல்ல, ஆகவே 7 வகுக்காது. 11-க்குச் சுற்று 10 அடி, 13-க்கு 12 அடி, இரண்டும் 64-ஐ வகுக்காது. 17-க்குப் பாருங்கள்: 2, 4, 8, 16, 15, 13, 9, 1. எட்டு அடி, அது 64-ஐ வகுக்கும்.

விதி இதுதான்: ஒரு பகா எண்ணின் சுற்று நீளம் 2, 4, 8, 16, 32, 64 இவற்றில் ஒன்றாக இருந்தால் அது நம் எண்ணை வகுக்கும், இல்லையென்றால் வகுக்காது. சுற்று 2 உள்ளது 3 மட்டும். சுற்று 4 என்றால் 5, சுற்று 8 என்றால் 17, சுற்று 16 என்றால் 257, சுற்று 32 என்றால் 65537. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பகா எண். அடுத்தது 64 சுற்றுக்கு 4294967297 தனியாக நின்றிருந்தால் வரிசை அழகாக முடிந்திருக்கும். அங்கேதான் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா சறுக்கினார்.

ஃபெர்மா நம்பியதும் ஆய்லர் கண்டதும்

3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இப்படி 2-இன் அடுக்கை இரட்டித்துக்கொண்டே போய் ஒன்றைக் கூட்டினால் வருவதெல்லாம் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று 1640-இல் ஃபெர்மா கடிதத்தில் எழுதினார். நிறுவவில்லை, நம்பினார். 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் 4294967297-ஐ 641 வகுக்கும் என்று காட்டினார்.

கையால் சரிபார்க்கலாம். பத்து இலக்க எண்ணை நேராக வகுக்கவே வேண்டாம். மீதியை மட்டும் வைத்துக்கொண்டு வர்க்கமாக்கிக்கொண்டே போனால் போதும்.

2⁸ = 256.
2¹⁶ = 256 × 256 = 65536. இதில் 641×102=65382 போக மீதி 154.
2³² என்பதற்கு 154 × 154 = 23716. இதில் 641×36=23076 போக மீதி 640.

2³²-க்கு மீதி 640. அதோடு 1 கூட்டினால் 641, அதாவது மீதி இல்லை. மூன்றே வரி. தொடங்குபவர்கள் தவறுவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான்: 154-ஐ வர்க்கமாக்குவதற்குப் பதில் இரட்டித்துவிடுவார்கள். அடுக்கு இரட்டிக்கும்போது மீதி வர்க்கமாகும். அடுக்கில் ஒன்று கூடினால்தான் மீதி இரட்டிக்கும்.

641 ஆய்லருக்கு எப்படிக் கண்ணில் பட்டது? எல்லாப் பகா எண்ணையும் வரிசையாகப் போட்டுப் பார்க்கவில்லை. 2³²+1-ஐ வகுக்கும் பகா எண்ணுக்குச் சுற்று நீளம் சரியாக 64. ஏனென்றால் 32-ஆவது அடியில் மீதி அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவு, 64-ஆவது அடியில்தான் 1 வரும். சுற்று நீளம் எப்போதும் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவதை வகுக்கும், இது ஃபெர்மாவே சொன்ன தேற்றம். ஆகவே நமக்கு வேண்டியது 64-ஆல் வகுத்தால் 1 மீதி வரும் பகா எண்கள் மட்டும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடும். பின்னர் 1878-இல் லூகாஸ் இதை இன்னும் இறுக்கி, 128-ஆல் வகுத்தாலும் 1 மீதி வர வேண்டும் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 257, 641 இரண்டே பேர். தன் தேற்றத்தை வைத்தே இதைப் பிடித்திருக்கலாம் என்பதுதான் ஃபெர்மா விஷயத்தில் வருத்தம்.

பகா எண்ணா என்று சோதிக்க ஃபெர்மா தேற்றத்தையே ஒரு சல்லடையாகப் பயன்படுத்துவார்கள். சோதிக்கும் எண்ணில் ஒன்றைக் கழித்து, அத்தனை அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. 4294967297-ஐ இந்தச் சல்லடையில் போட்டால் மீதி 1 வந்து ‘பகா எண் போலிருக்கிறது’ என்று சொல்லும். சுற்று 64, அடுக்கோ 2³², அது 64-இன் மடங்கு, வராமல் என்ன செய்யும்? 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் மீதி 3029026160 வந்து குட்டு வெளிப்பட்டுவிடும். 2-ஐ வைத்துப் பிறந்த எண்ணை 2-ஐ வைத்தே சோதிக்கக் கூடாது.

6700417 பகா எண்தானா?

4294967297-ஐ 641-ஆல் வகுத்தால் 6700417. இது இன்னும் உடையுமா? அதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். உடைந்தால் 2588-க்குள் ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் நூற்றுக்கணக்கான பகா எண்கள் இருந்தாலும், லூகாஸின் நிபந்தனை இங்கே வேலையைச் சுருக்கிவிடுகிறது. 128-ஆல் வகுத்து 1 மீதி வரும் பகா எண்கள் 2588-க்குள் ஐந்தே: 257, 641, 769, 1153, 1409. இவற்றால் 6700417-ஐ வகுத்தால் மீதி முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூச்சியம் இல்லை. முடிந்தது, 6700417 பகா எண். ஏழு இலக்க எண்ணை ஐந்து வகுத்தலில் பகா எண் என்று உறுதி செய்வது அடிக்கடி வாய்ப்பதில்லை.

65537-க்கு இன்னும் எளிது. அதற்கு 256 வரை, 64-ஆல் வகுத்து 1 மீதி வருபவற்றைப் பார்த்தால் போதும்: 65, 129, 193. இவற்றில் பகா எண் 193 மட்டும், வகுத்தால் மீதி 110.

ஆக முழுப் பகாக் காரணிப்படுத்தல்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள் தெரிந்தால் என்னென்ன தெரியும்

ஏழும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. ஒரு வகுத்தியை உருவாக்கும்போது ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம். 2×2×2×2×2×2×2, மொத்தம் 128 வகுத்திகள். இவ்வளவு பெரிய எண்ணுக்கு இது குறைவுதான். வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 4×6×18×258×642×65538×6700418. அது நம் எண்ணைப்போல் ஏறத்தாழ 1.703 மடங்கு. 2 மடங்குக்குக் கீழே நிற்பதால், தன்னைத் தவிர மற்ற வகுத்திகளை எல்லாம் கூட்டினாலும் இந்த எண்ணை எட்டாது.

ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில் கழித்துப் பெருக்கினால் வேறொரு எண்ணிக்கை கிடைக்கும்: 1 முதல் இந்த எண் வரை உள்ளவற்றில் இதோடு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்பது. 2×4×16×256×640×65536×6700416 = 9208981628670443520. மொத்தத்தில் பாதிக்கு ஒரு மயிரிழை குறைவு. 2, 4, 16, 256, 65536 ஐந்தையும் பெருக்கினால் சரியாக 2³¹ வருவதுதான் அந்தப் ‘பாதி’க்குக் காரணம்.

ஐந்து ஃபெர்மா பகா எண்களுக்கு வடிவியலிலும் வேலை உண்டு. 1796-இல், 18 வயதில், ஜெர்மன் கணித அறிஞர் காஸ் ஒழுங்குப் பதினேழு பக்க உருவத்தை வரைகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம் என்று காட்டினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணம் அப்படி வரைய முடிய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்தவை ஐந்தே, ஆகவே 31 பலகோணங்கள். அவற்றில் மிகப் பெரியதன் பக்கங்கள் 4294967295, அதாவது சதுரங்கப் பலகையின் முதல் பாதியில் உள்ள நெல். 641-க்கும் 6700417-க்கும் இந்த வரிசையில் இடமில்லை.

கணினியில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு

64 பிட் இடத்தில் குறியில்லா முழு எண்ணாக அடைக்கக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். சி மொழியில் அத்தகைய மாறியில் 0-இலிருந்து 1-ஐக் கழித்தால் இந்த எண் வந்து நிற்கும். ஏதாவது நிரலின் வெளியீட்டில் 18446744073709551615 திடீரென்று தென்பட்டால் அநேகமாக உள்ளே ஒரு −1 இருக்கிறது என்று அர்த்தம்.

மேலே உள்ள கணக்குகளைச் சரிபார்க்கப் பலரும் முதலில் எக்செல்லைத் திறப்பார்கள். அங்கே இந்த எண்ணைத் தட்டினால் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவை பூச்சியமாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 2-ஐ 64 அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தால் 18446744073709552000 என்று காட்டும். உள்ளே இருப்பதோ 2⁶⁴. தசம எண்களுக்கான அமைப்பில் 53 பிட் துல்லியம்தான் உண்டு, கழித்த 1 அந்த இடைவெளியில் விழுந்து தொலைந்துவிடுகிறது. அதை நம் ஏழு பகா எண்களால் வகுத்தால் ஏழு முறையும் மீதி 1 என்றே வரும். எல்லா மீதியும் 1 என்று பார்த்தால் கணக்கைக் குறை சொல்லாதீர்கள், எண் உள்ளே போகும்போதே ஒன்று கூடிவிட்டது.

பைத்தான் முழு எண்களை முழுதாக வைத்துக்கொள்ளும். ஆனால் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் அங்கேயும் தசமத்துக்குப் போய்விடும். 641-ஆல் வகுத்தால் 28778071877862015 வர வேண்டும். ஒற்றைச் சாய்கோட்டில் கடைசி இலக்கம் 6 ஆகிவிடும். ஒற்றை எண்ணை ஒற்றை எண்ணால் மீதியின்றி வகுத்தால் இரட்டை எண் வராது என்பது தெரிந்தால் பிழை உடனே பிடிபடும். இரட்டைச் சாய்கோடு போட்டால் சரியாக இருக்கும்.

இந்தக் காரணிகள் அன்றாட வேலைக்கும் பயன்படுகின்றன. 2003-இல் ஜார்ஜ் மர்சாலியா வெளியிட்ட ‘எக்ஸார்ஷிஃப்ட்’ என்ற தற்போக்கு எண் ஆக்கி (தாயம் உருட்டியதுபோல் எண்களைத் தரும் நிரல்) 64 பிட்டுகளை நகர்த்திக் கலக்கிக்கொண்டே போகும். அது பூச்சியம் தவிர மற்ற எல்லா நிலைகளையும் தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும், அதாவது 2⁶⁴−1 அடிகள் கழித்து. எண்ணிப் பார்ப்பது நடக்காத காரியம். அதற்குப் பதில், முழு எண்ணிக்கை அடிகளுக்குப் பிறகு தொடக்கத்துக்கு வருகிறதா என்று தாவிப் பார்க்கிறார்கள். பிறகு எண்ணிக்கையை ஏழு பகா எண்களால் தனித்தனியே வகுத்து, அந்த ஏழு இடங்களிலும் திரும்பவில்லை என்று உறுதி செய்கிறார்கள். எட்டுச் சோதனைகளில் வேலை முடிந்தது. பயன்படுத்துபவர் செய்யும் பெரிய தவறு தொடக்க விதையாக 0 கொடுப்பது. பூச்சியத்தை எத்தனை முறை கலக்கினாலும் பூச்சியம்தான்.

பக்கத்து வீட்டு எண்கள்

ஒரு கட்டம் குறைத்து 63 என்று வைத்தால் இந்த ஒழுங்கு எதுவும் மிஞ்சாது. 63 பாதியாகாது, 3 × 3 × 7 என்றுதான் பிரியும். அங்கே 2⁶³−1 = 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657. இன்னும் இரண்டு கட்டம் குறைத்து 61-க்குப் போனால் 2⁶¹−1 உடையவே உடையாது, பகா எண்.

மேல்பக்கம் 2⁶⁴+1. லூகாஸ் ஹனோய் கோபுரத்தை வெளியிடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1880-இல், லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 82 வயதில் அதை உடைத்தார்: 274177 × 67280421310721. இரண்டு சதுரங்கப் பலகைகளை ஒட்டிவைத்து 128 கட்டங்களை நிரப்பினால் மொத்தம் 2¹²⁸−1. அது 64 ஒன்றுகள் இரண்டு முறை, அதாவது நம் எண்ணை 2⁶⁴+1-ஆல் பெருக்கியது. ஆகவே அந்த 39 இலக்க எண்ணின் காரணிகளைத் தேடி அலைய வேண்டாம். நம் ஏழோடு லாண்ட்ரியின் இரண்டைச் சேர்த்தால் ஒன்பது, அவ்வளவுதான்.